பால்மரமும் செம்பனையும் புகட்டும் பாடம்

புதிய கருவி ஒன்று வந்தால் தொழில் மாறுகின்றது. தொழில் மாறினால் அதனை நம்பி வாழும் மக்களின் வாழ்வும் மாறுகின்றது. இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. நம் பாட்டன் பாட்டிமார் உழைத்த பால்மரக் காட்டையும், இன்று நம் கண்முன் பரந்து கிடக்கும் செம்பனைக் காட்டையும் உற்று நோக்கினாலே போதும்.

கணினி, ட்ரோன், செயற்கை அறிவு என்று நாள்தோறும் புதுப்புதுப் பெயர்கள் நம் காதில் விழுகின்றன. "இயந்திரமே எல்லா வேலையையும் செய்துவிட்டால் நம் பிள்ளைகள் என்ன வேலைக்குப் போவார்கள்?" என்று பெற்றோர்கள் கவலைப்படுகின்றனர். அக்கவலை நியாயமானதே. அதற்கு விடை காண வேண்டுமாயின், இதற்கு முன் வந்த மாற்றங்கள் எவ்வாறு வந்தன, யாருக்கு நன்மை செய்தன, யாரைத் தவிக்கவிட்டன என்பதை நாம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆகவே, ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளில் இந்நாட்டுத் தோட்டங்கள் கண்ட மாற்றங்களை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

அமேசான் முதல் கோலகங்சார் வரை

ரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவிலுள்ள அமேசான் காடாகும். அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் இம்மரத்தின் பாலைக்கொண்டு குடுவையும் காலணியும் செய்தனர். ஆனால் அந்த ரப்பர் வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும்; குளிரில் விறைத்துப்போகும். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் என்பவர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறைகள் நீங்கும் என்பதைக் கண்டறிந்தார். 1888-ஆம் ஆண்டில் ஜான் டன்லப் காற்றடைத்த சைக்கிள் டயரை உருவாக்கினார். பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தன. உலகெங்கும் ரப்பருக்குப் பெருந்தேவை ஏற்பட்டது.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரப் பூங்காவிற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு விதைகளே முளைத்தன. அந்நாற்றுகளிற் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877-ஆம் ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றிற் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. பிற்காலத்தில் மலாயா முழுவதும் இலட்சக்கணக்கான ஏக்கரில் விரிந்த தோட்டங்களுக்கு இச்சிறு நாற்றுகளே முன்னோடியாயின.

கோடரிக்குப் பதில் கத்தி

நாற்று வந்தது, ஆயினும் தொழில் பிறக்கவில்லை. அமேசான் காட்டில் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுப்பதே வழக்கம். கோடரி பட்டையைத் தாண்டி மரத்தின் உட்பகுதியைக் காயப்படுத்தும். காயம் பட்ட இடம் முண்டும் முடிச்சுமாகி மீண்டும் பால் தராது. இம்முறையில் ஒரு தோட்டத்தை நீண்டகாலம் நடத்த இயலாது.

1888-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்ற தாவரவியலறிஞர் இதற்கு வழி கண்டார். பால், பட்டைக்குள் ஓடும் நுண்ணிய குழாய்களில் இருக்கின்றது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. அதனைத் தீண்டாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவினால் பால் வடியும், மரமும் சாகாது, சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். அன்றியும், முன்பு வெட்டிய கோட்டின் ஓரத்தையே மறுபடியும் சீவினால் பால் மேலும் நன்றாகச் சுரக்கும். 1890-களில் ரிட்லி கண்டறிந்த உண்மைகள் இவை.

சட்டைப்பையில் ரப்பர் விதைகளை வைத்துக்கொண்டு, காணும் தோட்டக்காரரிடமெல்லாம் "இதை நடுங்கள்" என்று வற்புறுத்தியதால், மக்கள் அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று எள்ளி நகையாடினராம். அக்காலத் தோட்ட முதலாளிகள் காப்பியையே நம்பியிருந்தனர். 1896-ஆம் ஆண்டில் மலாக்காவில் டான் சே யான் என்பவர் அவர் சொல்லைக் கேட்டு ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். காப்பி விலை வீழ்ந்ததும் மற்றவர்களும் ரப்பரை நாடினர். அதன் பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறி இலட்சக்கணக்கில் இங்கு வந்தனர்.

பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தவர்களுக்கு அதன் நுட்பம் தெரியும். ஒவ்வொரு முறையும் சீவும் பட்டை, பருமனில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். சற்று ஆழம் குறைந்தால் பால் குறையும். சற்று ஆழம் மிகுந்தால் மரம் கெடும். விடியுமுன், மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் வேளையிலேயே பால் நன்றாக ஓடும். இதனாலன்றோ நம் தாய்மார் நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு இருளிலேயே தீம்பாருக்குச் சென்றனர்! ரிட்லி கண்டது அறிவு. அவ்வறிவை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் பிழையின்றி நிறைவேற்றியது தொழிலாளியின் மணிக்கட்டு. இவ்விரண்டும் சேர்ந்தே மலாயாவை உலகின் முதன்மை ரப்பர் நாடாக ஆக்கின.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் நிகழ்ந்ததையும் நாம் மறந்துவிடக் கூடாது. 1913-ஆம் ஆண்டளவில் ஆசியத் தோட்ட ரப்பர், அமேசான் காட்டு ரப்பரை அளவில் விஞ்சியது. மாளிகைகளும் இசையரங்கமும் எழுந்திருந்த மானௌஸ் நகரின் செல்வம் சில ஆண்டுகளிலேயே வற்றியது. நமக்கு வேலை தந்த அதே மாற்றம், அங்குப் பால் எடுத்த ஏழைகளின் பிழைப்பைப் பறித்தது. புதுமையின் இவ்விரு முகங்களையும் நாம் மேலும் பலமுறை காணப்போகிறோம்.

ஒட்டுக்கட்டிய கன்று

விதையிலிருந்து முளைத்த மரங்கள் எல்லாம் ஒரே அளவாகப் பால் தருவதில்லை. ஒரு மரம் மங்கு நிறையத் தரும். அடுத்த மரம் அடி நனையவே தரும். மிகுதியாகப் பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து, இளங்கன்றின் தண்டில் ஒட்டுக்கட்டும் முறையை 1910-களில் ஜாவாத் தீவில் கண்டறிந்தனர். இம்முறையால் ஒரே சிறந்த மரத்தை ஆயிரமாயிரமாகப் பெருக்க முடிந்தது.

1925-ஆம் ஆண்டில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் அமைந்தது. அங்கு உருவான ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் இனம் உலகப் புகழ் பெற்றது. தேர்வு செய்யப்படாத பழைய மரங்கள் ஆண்டுக்கு ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 500 கிலோகிராம் ரப்பர் தந்தன. புதிய இனங்களோ 1,500 கிலோகிராமுக்கும் மேலாகத் தந்தன. நிலம் அதுவே, மழையும் அதுவே. அறிவு புகுந்ததனால் விளைச்சல் மும்மடங்காயிற்று.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஆர்.ஆர்.ஐ.எம். 600-இன் பெற்றோர் மரங்களுள் ஒன்று, சிலாங்கூரிலிருந்த பிராங் புசார் தோட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.பி. 86 என்பதாகும். அத்தோட்டம் இருந்த நிலத்தில்தான் 1990-களில் புத்ராஜெயா நகரம் எழுந்தது. இந்நாட்டில் உருவான ஆர்.ஆர்.ஐ.எம். 600 தாய்லாந்தில் மிகப் பரவலாக நடப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அத்தாய்லாந்தே நம்மைப் பின்தள்ளி இயற்கை ரப்பர் உற்பத்தியில் முதலிடம் பெற்றது. அறிவுக்கு எல்லைக்கோடு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

செயற்கை ரப்பரின் அறைகூவல்

1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் கைப்பற்றினர். அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. டயரின்றிப் போர் நடத்த இயலுமா? எனவே அந்நாட்டினர் பெட்ரோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் கிடைக்கும் பொருள்களைக்கொண்டு செயற்கை ரப்பரைப் பேரளவில் செய்யத் தொடங்கினர். 1945-ஆம் ஆண்டில் அவர்கள் உற்பத்தி ஏழு இலட்சம் டன்னைக் கடந்தது. போர் முடிந்த பின்னும் அத்தொழிற்சாலைகள் மூடப்படவில்லை. பால்மரத்துக்கு நிலையான போட்டி ஒன்று பிறந்துவிட்டது.

இப்போட்டியைக் கண்டு அஞ்சாமல் நம் நாடு விடை தேடியது. முன்னாட்களில் பாலை வடிகட்டி, அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்கி, புகைக்கூடத்தில் பல நாள் உலர்த்துவர். அத்தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணால் பார்த்தே தரம் பிரிப்பர். செயற்கை ரப்பரோ ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் உறுதி செய்யப்பட்டுக் கட்டியாக வந்தது. டயர் தொழிற்சாலைகள் அதனையே விரும்பின. ஆகவே 1965-ஆம் ஆண்டில் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் தொடங்கப்பட்டது. ரப்பரைச் சிறு துணுக்குகளாக்கி உலர்த்தி, கட்டியாக அழுத்தி, அதிலுள்ள தூசி, சாம்பல் முதலியவற்றை அளந்து, பாலிதீன் உறையிலிட்டு அனுப்பினர். மற்ற நாடுகளும் இம்முறையைப் பின்பற்றின. கீழே சிந்தியதாகக் கருதப்பட்ட ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் இதனால் நல்ல சரக்காயின.

இயற்கை ரப்பருக்கு அழிவில்லை என்பதும் நாளடைவில் தெளிவாயிற்று. விமானம் தரையைத் தொடும்போது எழும் வெப்பத்தையும் அதிர்ச்சியையும் தாங்க, அதன் டயருக்கு இன்றும் மரத்துப் பாலே பெரிதும் தேவைப்படுகின்றது.

1970-களில் எத்திபோன் என்னும் ஊக்க மருந்து வழக்கிற்கு வந்தது. இதனைப் பட்டையில் தடவினால் பால் உறைந்து குழாய்கள் அடைபடுவது தாமதமாகும். பால் நீண்ட நேரம் வடியும். அதன் பயனாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டிய மரத்தை மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை வெட்டினாலே போதும் என்றாயிற்று. மரத்துக்கு ஓய்வு கிடைத்தது; தோட்டத்துக்குச் செலவு குறைந்தது. ஆனால் அதே பரப்புக்கு வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையும் குறைந்தது. இதனையும் நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

நெல்மணியினும் சிறிய வண்டு

தொழில் நுட்பம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பெரிய இயந்திரமே. ஆனால் செம்பனைத் தொழிலைப் புரட்டிப்போட்டது ஒரு சிறு வண்டு என்றால் மாணவர்கள் நம்புவீர்களா?

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. மலாயாவில் 1917-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் அது முதன்முதலாக வாணிகப் பயிராக நடப்பட்டது. ரப்பர் விலை ஏறி இறங்கியதால், 1960-களிலிருந்து பல தோட்டங்கள் பால்மரத்தை வெட்டிச் செம்பனையை நட்டன. மரங்கள் செழித்தன, ஆனால் காய்பிடிப்புக் குறைவாக இருந்தது. செம்பனையில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனிக் குலைகளாகப் பூக்கின்றன. மகரந்தம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டும். காற்று அதனைச் செய்கின்றது என்று எண்ணியிருந்தனர். காற்று போதாமையால், ஆண்பூவின் மகரந்தத்தைச் சேகரித்துப் பவுடருடன் கலந்து, மரம் மரமாகச் சென்று பெண்பூவில் தூவும் வேலைக்கு ஆட்களை அமர்த்தினர். இவ்வேலையைச் செய்தவர்களிற் பலர் பெண்கள்.

ஆப்பிரிக்காவில் யாரும் மகரந்தம் தூவுவதில்லை. ஆயினும் அங்குக் குலைகள் நிறையக் காய்க்கின்றன. இது ஏன் என்ற கேள்வி எழுந்தது. ரஹ்மான் அன்வர் சையது என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலறிஞர் கேமரூன் நாட்டில் ஆராய்ந்து, ஒரு வகைச் சிறு கூன்வண்டே இவ்வேலையைச் செய்கின்றது என்று மெய்ப்பித்தார். அவ்வண்டு ஆண்பூவில் முட்டையிட்டு வளர்கின்றது. பெண்பூவும் ஆண்பூவைப் போன்றே மணம் வீசுவதால், உடலெங்கும் மகரந்தம் ஒட்டியிருக்க அங்கும் சென்று வருகின்றது. மரம் கடல் கடந்து வந்தபோது அதன் துணைவனாகிய வண்டு உடன் வரவில்லை. குறை அதுவே.

அயல்நாட்டுப் பூச்சியை ஆராயாமல் கொண்டுவந்தால் பெருந்தீங்கு விளையலாம். எனவே அவ்வண்டு பிற பயிர்களைத் தின்னுமா, நோயைக் கொண்டுவருமா என்றெல்லாம் முறையாகச் சோதித்தனர். அதன் பின்னரே 1981-ஆம் ஆண்டில் ஜொகூர் மாநிலத்துத் தோட்டத்தில் அதனை விடுவித்தனர். விரைவிலேயே அது நாடெங்கும் பரவியது. காய்பிடிப்பு உயர்ந்தது; குலைகள் பருத்தன. கூலியும் கேளாமல், விடுமுறையும் எடுக்காமல் வண்டு இன்றளவும் உழைத்து வருகின்றது.

மகரந்தம் தூவும் வேலையோ அத்துடன் மறைந்தது. அவ்வேலையில் இருந்தவர்கள் வேறு வேலைக்கு மாறவேண்டியதாயிற்று. நாட்டுக்கு வந்த ஆதாயம் மெய்யானது. அத்தாய்மார் இழந்த வேலையும் மெய்யானதே.

விறகு மேசையாயிற்று

இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்த மரத்தை வெட்டி வீழ்த்துவர். முன்னாட்களில் அது விறகாகவே எரிந்தது. ஏனெனில் அம்மரம் எளிதில் பூஞ்சணம் பிடித்துப் பூச்சியரித்துவிடும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் மரத்தினுள் செலுத்தி, சூளையில் உலர்த்தினால் கெடாது என்று கண்டறிந்தபின், 1980-களிலிருந்து பால்மரப் பலகை மேசையாகவும் நாற்காலியாகவும் உருமாறி வெளிநாடு செல்லத் தொடங்கியது.

அதுபோலவே, பாலாக விற்ற சரக்கு கையுறையாக மாறியது. பீங்கான் கைகளின் வரிசை பாலில் மூழ்கி எழுந்து சூளையினுள் சென்று வெளிவர, கையுறைகள் உரிக்கப்படுகின்றன. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது உலகின் மருத்துவமனைகள் மலேசியக் கையுறையைப் பெரிதும் நாடி நின்றன. ஆனால் இன்று அக்கையுறைகளிற் பெரும்பகுதி செயற்கை ரப்பரால் ஆனவை. வேண்டிய மரத்துப் பாலிலும் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகின்றது. மூலப்பொருளை விற்பதைக் காட்டிலும் அதனைப் பண்டமாக்கி விற்பதில் வருவாய் மிகுதி என்பதை இவ்வெடுத்துக்காட்டுகள் உணர்த்துகின்றன.

மாற்றத்தின் விலையைக் கொடுத்தவர் யார்?

இதுவரை மரத்தின் வரலாற்றைக் கண்டோம். மனிதரின் வரலாறு என்ன?

பால்மரத்துக்கு வேண்டிய அளவு ஆட்கள் செம்பனைக்குத் தேவையில்லை. பயிர் மாறியபோதே பல லயங்களில் வேலை சுருங்கியது. 1980-களிலும் 1990-களிலும் நகரங்களை அடுத்திருந்த பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்கள், வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தனர். ஏனெனில் அவ்வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. கோயிலையும் பள்ளியையும் விட்டுச் செல்ல வேண்டியதாயிற்று. 1957-ஆம் ஆண்டில் 800-க்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500-க்குச் சற்று மேற்பட்டனவாகக் குறைந்துள்ளன. இவ்வெண்களுக்குப் பின்னால் எத்தனை குடும்பங்களின் கண்ணீர் உள்ளது என்பதை நாம் அறிவோம்.

மாறாக, மாற்றத்தைக் கூட்டாக எதிர்கொண்டவர்களும் உண்டு. வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, 1960-ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் தம் சிறு சேமிப்பைத் தவணையாகச் செலுத்தித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். கத்தி பிடித்த கை, நிலத்தின் பங்குப் பத்திரத்தையும் பிடித்தது. இயந்திரம் யாருடையதோ, நிலம் யாருடையதோ, அவருக்கே மாற்றத்தின் ஆதாயம் முதலிற் சேர்கின்றது என்ற உண்மையை அப்பெரியோர்கள் உணர்ந்திருந்தனர்.

நாம் செய்யவேண்டியவை

இன்று செம்பனைக் காட்டில் நீண்ட கழியின் நுனியில் மோட்டார் அரிவாள் குலையை அறுக்கின்றது. ட்ரோன் மேலே பறந்து மரங்களைப் படம் பிடிக்கின்றது, மருந்தும் தெளிக்கின்றது. பால்மரத்தைத் தானே வெட்டும் இயந்திரங்களும் சோதனையில் உள்ளன. எனினும், மணிக்கட்டின் நுண்மையை இயந்திரத்துக்குக் கற்பிப்பது எளிதன்று. இவற்றை இயக்கவும் பழுதுபார்க்கவும், இவை தரும் கணக்குகளைப் படித்து முடிவு செய்யவும் மனிதர் தேவை. கேள்வி யாதெனில், அம்மனிதர் நம் பிள்ளைகளாக இருப்பார்களா என்பதேயாகும்.

மாணவச் செல்வங்களே! ரிட்லியும் சையதும் "ஏன்?" என்று கேட்டவர்கள். நீங்களும் கேளுங்கள். அறிவியலையும் கணிதத்தையும் அஞ்சி ஒதுக்காதீர்கள். மகரந்தச் சேர்க்கை தேர்வுக்குரிய பாடம் மட்டும் அன்று. ஒரு நாட்டின் பெருந்தொழிலை மாற்றிய உண்மை அது.

பெற்றோர்களே! ஆறாம் ஆண்டுடன் பிள்ளையின் கல்வி முடிந்துவிடுவதில்லை. இடைநிலைப் பள்ளியிலும் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் மின்னியலும் இயந்திரவியலும் கற்க வழிகள் உள்ளன. அவற்றை ஆசிரியர்களிடம் கேட்டறியுங்கள். வீட்டில் தமிழ் பேசுங்கள். உடன் மலாயும் ஆங்கிலமும் கற்க ஊக்குவியுங்கள். தாய்மொழியில் தெளிவாகச் சிந்திக்கப் பழகிய பிள்ளை எம்மொழியிலும் அறிவைப் பெற்றுக்கொள்ளும்.

தொழிலாளத் தோழர்களே! புதிய கருவி வரும்போது அதனை முதலிற் பழகிக்கொள்ள முன்வாருங்கள். அதே வேளையில், அதனால் வரும் ஆதாயத்தில் உங்கள் பங்கு எவ்வளவு, வேலை இழப்போருக்கு மாற்று என்ன, குடியிருக்க வீடு எங்கே என்று சங்கத்தின் வாயிலாகக் கேளுங்கள். கருவியை வெறுப்பதாற் பயனில்லை. கேளாமல் இருப்பதாலும் பயனில்லை.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் 22 நாற்றுகள் வந்து இறங்கின. அவற்றை வளர்த்துக் காடாக்கியது நம்மவர் உழைப்பு. இனி வரும் காலத்தில் அவ்வுழைப்போடு அறிவும் உரிமையும் சேரவேண்டும். அதற்குரிய முதற்படி இச்சிறு பள்ளியின் வகுப்பறையே என்பதை உணர்ந்து, நம் பிள்ளைகள் ஒருவரும் இடையில் நின்றுவிடாமற் காப்போமாக!